மூன்று குழாய் வாய், மூன்று வலை மூடி: ஒரு மாடி வீட்டு வேலையின் நிகழ்வு ஆய்வு

இடம் சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மாடி வீடு. மொட்டை மாடி சுமார் 100 சதுர மீட்டர். அதில் திறந்த வாய்கள் மூன்று: மழைநீர் இறங்கும் 110 மி.மீ. குழாய், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் 40 மி.மீ. குழாய், செப்டிக் டேங்கின் வாயு வெளியேறும் 110 மி.மீ. குழாய். மூன்றுக்கும் ஒரே நாளில், கையில் கிடைத்ததை வைத்து வலை கட்டியிருந்தார்கள். ஒரு வருடத்தில் மூன்றும் கெட்டன. மூன்றும் கெட்ட விதம் வேறு, ஆனால் எதிலும் வலையின் நடுப்பகுதியில் ஒரு கண்கூட அறுந்திருக்கவில்லை. அறுந்தது, கழன்றது அத்தனையும் ஓரத்தில்தான். வலை வேலையில் யோசிக்க வேண்டிய இடம் ஓரம் என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

முதல் சுற்றில் நடந்தது

மழைநீர்க் குழாயின் வாயில் கொசு வலைத் துண்டு ஒன்றை மட்டமாக விரித்து, மேலே அரைச் செங்கல் வைத்திருந்தார்கள். பக்கத்து வேப்பமரம் பங்குனியில் இலை உதிர்க்கும், சித்திரையில் பூ உதிர்க்கும். அந்தச் சருகு ஐப்பசி மழையின் முதல் அரைமணியில் வலை மேல் பாய் போலப் படிந்துவிட்டது. தளத்தில் தண்ணீர் நின்றது. 100 சதுர மீட்டர் தளத்தில் 5 செ.மீ. நின்றாலே 5,000 லிட்டர், அதாவது 5 டன். கொசுவைத் தடுக்கப் போட்ட வலை கூரைக்குப் பாரம் ஏற்றிவிட்டது.

வழியும் குழாயில் அலுமினிய வலையைக் கட்டுக் கம்பியால் சுற்றியிருந்தார்கள். கொத்தனார் கம்பி கட்டும் கருப்புக் கம்பிதான் அது. கடல்காற்றில் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. துருவேறி அறுந்தது, சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இறங்கியது, வலை பாதி கழன்று தொங்கியது. கம்பி தொட்ட இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தது. இரண்டு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும்.

வாயுக் குழாயில் நைலான் வலை, பிளாஸ்டிக் டை. வெயிலில் டை நொறுங்கியது, வலையின் ஓரத்தை அணில் கடித்திருந்தது. மிச்சம் காற்றில் போயிற்று.

வலை தேர்வு

கடையில் ‘எஸ்.எஸ். கொசு வலை’, அதாவது துருப்பிடிக்காத எஃகு வலை, என்று கேட்டால் சுருளிலிருந்து வெட்டித் தருவார்கள். எத்தனை மெஷ் என்று கேட்டால் பாதிக் கடைகளில் பதில் வராது. நாமே எண்ணிக்கொள்ளலாம்: அளவுகோலை வலை மேல் வைத்து ஓர் இஞ்சில் எத்தனை கண் என்று பார்த்தால் அதுதான் மெஷ் எண். 16 கண் இருந்து, கம்பி 0.27 மி.மீ. கனமாக இருந்தால், கம்பிக்குக் கம்பி இடைவெளி 1.59 மி.மீ., கண் திறப்பு 1.3 மி.மீ., மொத்தப் பரப்பில் திறந்திருப்பது 69 சதவீதம். கொசுவுக்கும் ஈக்கும் 1.2 முதல் 1.5 மி.மீ. கண் சரியானது. ‘இன்னும் நெருக்கமாக இருந்தால் நல்லதுதானே’ என்று 40 மெஷ் எடுக்கிறவர்கள் உண்டு. 0.25 மி.மீ. கம்பியில் அதன் கண் 0.4 மி.மீ.க்கும் குறைவு, திறந்த பரப்பு 37 சதவீதம்தான். பாசியும் தூசியும் சேர்ந்தால் அது வலையாக இருக்காது, மூடியாகிவிடும்.

உலோகம் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு. கடலுக்கு மிக அருகில் என்றால் 316 எடுக்கலாம், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்புக்குக் கூடுதலாகத் தாங்கும். காந்தம் வைத்துச் சோதிப்பதை நம்ப வேண்டாம். மெல்லிய கம்பியாக இழுக்கும்போது 304-ம் லேசாகக் காந்தத்தில் ஒட்டும் தன்மை பெறும். ஒட்டுகிறதே என்று நல்ல வலையைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வாங்கியது 3 அடிக்கு 2 அடி 16 மெஷ் வலை ஒன்று. அரை இஞ்சுக் கண் வெல்டட் மெஷ் (கம்பிகளை நெய்யாமல் பற்றவைத்த வலை), 1.6 மி.மீ. கம்பியில், 2 அடிக்கு 1 அடி, 0.5 மி.மீ. எஸ்.எஸ். கம்பி 5 மீட்டர், எஸ்.எஸ். ஹோஸ் கிளாம்ப் (குழாயைச் சுற்றித் திருகால் இறுக்கும் பட்டை) 110 மி.மீ. குழாய்க்கு இரண்டு, 75 மி.மீ. குழாய்க்கு ஒன்று. பழைய மோட்டார் சைக்கிள் டியூப் ஒன்று. கிளாம்ப் வாங்கும்போது பட்டையோடு திருகையும் பார்க்க வேண்டும். பட்டை எஸ்.எஸ்., திருகு மட்டும் முலாம் பூசிய இரும்பு என்று மலிவாக விற்பார்கள். ஆறு மாதத்தில் திருகு இறுகிப்போய், கழற்ற வேண்டுமானால் அறுக்க வேண்டியிருக்கும்.

வெட்டும் மடிப்பும்

நெய்த கம்பி வலையைத் தகரமாக நினைத்து வெட்டுவதைவிடத் துணியாக நினைத்து வெட்டுவது நல்லது. அதற்குப் பாவும் உண்டு, ஊடையும் உண்டு. தையல்காரர் நேர் வெட்டுக்கு ஒரு நூலை உருவுவதுபோல, வெட்ட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கம்பியை நுனிக்குறட்டால் பிடித்து உருவினால் வலையில் நேர்கோடு விழுந்துவிடும். தகரக் கத்தரியை அந்தக் கோட்டிலேயே ஓட்டலாம். பேனாவால் கோடு போட்டு வெட்டினால் எங்காவது ஒரு கண் சாய்ந்து, ஓரக் கம்பிகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கும்.

வெட்டிய ஓரத்தை 8 மி.மீ. வீதம் இரண்டு முறை மடிக்க வேண்டும். ஒரு மடிப்பில் வெட்டு நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். இரண்டாவது மடிப்பு அவற்றை உள்ளே புதைத்துவிடும். ஆக ஓரம் ஒவ்வொன்றுக்கும் 16 மி.மீ. கூடுதல். வைஸில் (பட்டறைப் பிடிப்பானில்) இரண்டு ஆங்கிள் துண்டுகளுக்கு நடுவே வலையைப் பிடித்து, மரச் சுத்தியால் நீளம் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு முனையை முழுதாக மடக்கிவிட்டு அடுத்த முனைக்குப் போனால் நடுவில் அலை விழும். மடித்ததை விரித்து மறுபடி மடிக்கவும் கூடாது. இந்த எஃகு வளைய வளைய விறைக்கும், இரண்டாம் மூன்றாம் முறையில் மடிப்புக் கோட்டிலேயே முறியும்.

மடிப்புக்கு முன் மூலைகளில் 16 மி.மீ. சதுரத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். மறந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே சொல்லும். நெய்த வலையின் கனம் கம்பிக் கனத்தைப் போல் இரண்டு மடங்கு, 0.54 மி.மீ. மூன்று அடுக்கு மடிப்பின் மேல் மூன்று அடுக்கு மடிப்பு விழுந்தால் ஒன்பது அடுக்கு, கிட்டத்தட்ட 5 மி.மீ. கட்டி. எந்தக் கிளாம்பும் அதன் மேல் சரியாக உட்காராது.

சாலிடரிங் வைத்து ஓரத்தை மூடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். ஃபிளக்ஸ் என்பது ஈயம் ஒட்டுவதற்காக உலோகத்தைச் சுத்தமாக்கும் பொருள். மின்னணு வேலைக்கான ரோசின் ஃபிளக்ஸில் ஈயம் எஃகின் மேல் உருண்டு ஓடிவிடும். அமில ஃபிளக்ஸ் வேண்டும். அதன் குளோரைடு எச்சத்தைச் சுத்தமாகக் கழுவாவிட்டால் அந்த இடத்திலேயே குழி குழியாக அரிக்கும். வலைக் கண்களுக்கு இடையில் சுத்தமாகக் கழுவுவது லேசல்ல. குடிநீர்த் தொட்டி அருகில் ஈயம் கலந்த சாலிடர் வேண்டவே வேண்டாம். இந்த வேலையில் எல்லா இணைப்பும் 0.5 மி.மீ. கம்பியால் போட்ட தையல்தான்.

வெட்டும்போது 2, 3 மி.மீ. துண்டுகள் தெறிக்கும். கண்ணாடியும் தோல் கையுறையும் கட்டாயம். திறந்த தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டக் கூடாது. இரும்பு கிரைண்டர் ஓடிய மேசையில் இந்த வலையை விரிக்கவும் கூடாது: இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு துருப்புள்ளி வைக்கும், பிறகு வலை மட்டம் என்று பழி வரும்.

வாயுக் குழாய்: குழாயையே கூடாக்குவது

0.27 மி.மீ. வலை தனியாக உருளையாக நிற்காது. காகம் ஒன்று உட்கார்ந்தால் நசுங்கும். எனவே 110 மி.மீ. குழாயில் 250 மி.மீ. துண்டு எடுத்து, அதிலேயே நான்கு ஜன்னல் வெட்டப்பட்டது. குழாயின் வெளிச்சுற்று 345 மி.மீ. ஒவ்வொரு ஜன்னலும் 60 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம்; நடுவில் நிற்கும் நான்கு தூண்களும் 26 மி.மீ. அகலம். மூலைகளில் முதலில் 8 மி.மீ. துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை அறுத்தால் மூலையில் விரிசல் ஓடாது. உச்சியில் எண்ட் கேப்பை ஒட்டியாயிற்று, அடியில் கப்ளர் வைத்துப் பழைய குழாயோடு சேர்த்தாயிற்று.

நான்கு ஜன்னலும் சேர்ந்து 240 சதுர செ.மீ. வலையில் திறந்திருக்கும் 69 சதவீதத்தை மட்டும் கணக்கிட்டால் சுமார் 165 சதுர செ.மீ. திறப்பு. குழாயின் உள்வாய் 85 சதுர செ.மீ.தான். பாதி அடைத்தாலும் காற்று தடைப்படாது. குழாய் வாயிலேயே நேராக வலை போட்டிருந்தால் முதல் நாளே 59 ஆகக் குறைந்திருக்கும்.

வலைத் துண்டு 390-க்கு 205 மி.மீ. நீளத்தில் சுற்று 345, அடியில் ரப்பர் போடுவதால் 6, ஓரம் ஒன்றன் மேல் ஒன்று ஏற 20, வெளி ஓர மடிப்புக்கு 16. மீதி கைக்குப் பிடி. உயரத்தில் ஜன்னல் 100, மேலும் கீழும் 35 வீதம், மடிப்பு 16 வீதம். முதலில் இதை 75 மி.மீ. குழாயின் மேல் இறுக்கிச் சுற்ற வேண்டும். வலை விரிந்து எழும்பும் இயல்புடையது; சிறிய குழாயில் சுற்றினால்தான் பெரிய குழாய்க்கு அளவாக நிற்கும். 110-லேயே சுற்றினால் விரிந்து விலகும்.

குழாயின் மேல் ஜன்னலுக்கு மேலும் கீழும் 25 மி.மீ. அகல டியூப் ரப்பர் வளையம் ஏற்றி, அதன் மேல் வலை. இணைப்பு கட்டாயம் ஒரு தூணின் மேல் வர வேண்டும். அங்கே வலைக்குப் பின்னால் கெட்டியான பிடிமானம் இருப்பதால் தையல் இழுபடாது. 10 மி.மீ.க்கு ஒரு தையல். கிளாம்பை மடிப்பின் மேல் இறுக்கக் கூடாது. மடிப்புக்கு உட்பக்கமாக, மடிப்பை ஒட்டி இறுக்க வேண்டும். அப்போது மூன்றடுக்கு மடிப்பு கிளாம்புக்கு வெளியே வரப்பு போல நின்றுகொள்ளும், காற்று எவ்வளவு இழுத்தாலும் வலை உருவி வராது. கிளாம்ப் ஓடும் இடத்தில் மட்டும் வெளி ஓரத்தின் மடிப்பை 12 மி.மீ. அளவுக்குக் கத்தரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டை அந்தப் படியைத் தாண்டும் இடத்தில் வலை ரப்பரில் அழுந்தாமல் சந்து விழும்.

துத்தநாக முலாம் பூசிய வலை இங்கே உதவாது. செப்டிக் டேங்கிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடும் ஈரமும் முலாமை விரைவில் தின்றுவிடும். இந்த வாயை மூடுவது எதற்கு என்றால், குயூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில்தான் பெருகும். செப்டிக் டேங்க் அதற்குத் தோதான இடம்.

வழியும் குழாய்: கிண்ணமும் சுருக்கமும்

40 மி.மீ. குழாயின் உள்வாய் சுமார் 10 சதுர செ.மீ. அதன் மேலேயே வலை போட்டால் மிஞ்சுவது 7. மோட்டாரை அணைக்க மறந்த நாளில் தண்ணீர் மூடி வழியாகப் பொங்கும். அதனால் 75-க்கு 40 ரெட்யூசர் போட்டு வாயை அகலமாக்கி, அதில் 75 மி.மீ. குழாய்த் துண்டு ஒன்று 60 மி.மீ. நீளத்தில் பொருத்தப்பட்டது. இப்போது வலைக்குப் பிந்திய திறப்பு 26 சதுர செ.மீ., குழாயைப் போல் இரண்டரை மடங்கு. வாங்கும்போது பழைய குழாய் மி.மீ. கணக்கா, இஞ்சுக் கணக்கா என்று பார்க்க வேண்டும். ஒன்றேகால் இஞ்சு உயர் அழுத்தக் குழாயின் வெளிவிட்டம் 42.2 மி.மீ.; 40 மி.மீ. சாக்கெட்டில் அது ஏறாது.

வலை கிண்ணமாக இந்த வாயைக் கவ்வ வேண்டும். 112 மி.மீ. சதுரம் வெட்டி, நான்கு மூலையையும் கிள்ளி எண்கோணமாக்க வேண்டும். வட்டமாக வெட்டக் கூடாது: வட்டத்தில் நான்கு திசையிலும் ஓரக் கம்பிகள் இரண்டு மூன்று பின்னலில் மட்டும் தொங்கும், தொட்டால் உதிரும்.

தட்டையான வலை கிண்ணமாவது எப்படி என்று கவனித்தால் சுருக்கம் எங்கே வரும் என்பது முன்பே தெரிந்துவிடும். பாவும் ஊடையும் ஓடும் நான்கு திசையிலும் வலை நேராக மடங்கும், முரண்டு பிடிக்காது. மூலைவிட்டத் திசையில் சதுரக் கண்கள் சாய்ந்து சாய்சதுரமாகும். 90 பாகை 60 ஆகும்போது கண் திறப்பு 1.3-லிருந்து 1.1 மி.மீ.க்கு ஒடுங்கும். கொசுவுக்கு அது இன்னும் சிரமம்தான், நமக்கு நஷ்டமில்லை. அதற்கு மேல் கம்பிகள் ஒன்றோடொன்று இடித்து நின்றுவிடும், மிச்ச வலை சுருக்கமாக எழும்பும். எனவே முதலில் நான்கு நேர்த்திசைகளையும் இழுத்துக் கிளாம்பை லேசாகப் பிடித்துவிட்டு, பிறகுதான் மூலைகளுக்கு வர வேண்டும். மாற்றிச் செய்தால் சுருக்கம் கண்ட இடத்தில் விழும்.

மூலை ஒவ்வொன்றிலும் ஒரே பெரிய சுருக்கம் விடாமல் இரண்டு சிறியதாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்படி, புடவைக் கொசுவம் போல அடுக்க வேண்டும். ஒரு சுருக்கம் என்றால் மூன்று அடுக்கு. பக்கத்தில் இருக்கும் ஒற்றை வலையோடு ஒப்பிட்டால் படி 1.1 மி.மீ. கொசு நுழையாது, ரப்பரும் அதை நிரப்பிவிடும். இரண்டு சுருக்கம் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் ஐந்து அடுக்கு, படி 2 மி.மீ.க்கு மேல். அந்த முக்கோணச் சந்து போதும், வலை போட்டும் கொசு வரும். இந்த வேலையில் முதலில் செய்த கிண்ணம் இப்படித்தான் தோற்றது. உள்ளே கைவிளக்கு வைத்து இருட்டில் பார்த்தபோது கிளாம்ப் பட்டைக்கு அடியில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. அந்தத் துண்டை நீட்டி மறுபடி மடிக்காமல் புதிதாக வெட்டினார்கள். 112 மி.மீ. சதுரத்துக்குக் கஞ்சத்தனம் தேவையில்லை.

குழாயை வெட்டிய விளிம்பு கூர்மையாக இருக்கும். அரத்தால் 3 மி.மீ. அளவுக்கு உருட்டிவிட்ட பிறகே வலையை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது அந்த விளிம்பில்தான் கம்பி முறியும். பொருத்தும்போது வாய் மேல்நோக்கி இருக்கக் கூடாது. மட்டமான நுண்வலையின் மேல் தண்ணீர் கொஞ்சம் ஒழுகாமல் நின்றுவிடும், அங்கே பாசி பிடிக்கும். 45 பாகை எல்போவில் சரிவாகக் கீழ்நோக்கி விட்டால் மழையும் உள்ளே வராது. மாதம் ஒருமுறை நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், இரும்பு பிரஷ் கூடாது.

மழைநீர்க் குழாய்க் கூடை

இங்கே நுண்வலைக்கு வேலையே இல்லை. தளத்தில் சருகை நிறுத்தினால் போதும். கொசுவைத் தடுக்க வேண்டியது கீழே சம்ப் வாயில். அரை இஞ்சு வெல்டட் மெஷ்ஷை 24 கண் அகலம், 16 கண் உயரம் வெட்டி, ஒரு பக்கம் 20 மி.மீ. வால்களை விட்டு உருட்டினால் 97 மி.மீ. விட்டத்தில் கூடை வரும். வால்களை எதிர்ப் பக்கக் கம்பியில் குறட்டால் சுற்றிவிடலாம், தையல்கூட வேண்டாம். அடியில் 4 கண் குழாய்க்குள் இறங்கும், மேலே 12 கண், அதாவது 15 செ.மீ., நிற்கும். உள்ளே விழாமல் இருக்க நான்காவது கண் மட்டத்தில் மூன்று கம்பித் துண்டுகளை வெளிப்பக்கம் நீட்டிக் கால் வைக்க வேண்டும். தலையை 8-க்கு 8 கண் துண்டால் மூடி, ஓரக் கம்பிகளை மேல் வளையத்தில் மடக்கிவிட்டார்கள்.

பக்கத் திறப்பு 350 சதுர செ.மீ., குழாய் வாயைப் போல் நான்கு மடங்கு. சருகு 10 செ.மீ. உயரத்துக்குப் படிந்தாலும் மேலே மிஞ்சும் 5 செ.மீ. வளையத்தில் மட்டும் 110 சதுர செ.மீ.க்கு மேல் திறந்திருக்கும். ஆடிக் காற்று முடிந்ததும் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை தூக்கித் தட்டினால் சரி.

பிறகும் தொட்டியில் புழு

மூன்று மூடியும் பொருத்தி ஒரு மாதம் கழித்துத் தொட்டியைத் திறந்தபோது கொசுப்புழு நெளிந்தது. மேல்நிலைத் தொட்டியின் நல்ல தண்ணீரில் வளர்வது அனாபிலிஸ் ஸ்டெபன்சி, சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசு. வழியும் குழாயை மறுபடி விளக்கு வைத்துப் பார்த்தார்கள், சந்து இல்லை. கடைசியில் கிடைத்தது மிதவைச் சுவிட்ச்சின் ஒயர் இறங்கும் துளை: மூடியின் ஓரத்தில் 20 மி.மீ. துளை, உள்ளே போகும் ஒயர் 7 மி.மீ. மீதி இடம் முழுக்கத் திறந்து கிடந்தது. மிச்சமிருந்த வலையில் 60 மி.மீ. சதுரம் வெட்டி, நடுவில் பெருக்கல் குறி போலக் கீறி, ஒயரைச் சுற்றி நான்கு இதழையும் மேலே தூக்கி 0.5 மி.மீ. கம்பியால் கட்டினார்கள். வலையின் வெட்டு நுனி ஒயரின் தோலைக் கிழிக்காமலிருக்க இடையில் இரண்டு சுற்று டியூப் ரப்பர். ஓரத்தை மடித்து, மூடியில் நான்கு பாப் ரிவெட் அடித்தாயிற்று. தொட்டியைக் கழுவிக் காயவிட்டு நிரப்பிய பிறகு, முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க எடுக்கும் ஏழு முதல் பத்து நாளையும் தாண்டி, பதினைந்தாம் நாள் திறந்து பார்த்தபோது தண்ணீரில் எதுவும் நெளியவில்லை.